ஐந்து கிலோ செம்பும் ஒரு போக வெள்ளாமையும்

ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து போர்வெல்லின் வாய் வரை 50 மீட்டர் ஒயர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீர்மூழ்கி மோட்டாருக்குப் போடும் மூன்று கம்பித் தட்டை ஒயர். ஒவ்வொரு கம்பியும் 4 சதுர மில்லிமீட்டர். இந்த நீளத்தில் இருக்கும் செம்பை மட்டும் உரித்து எடைபோட்டால் 5 கிலோ 400 கிராம் தேறும். லண்டன் உலோகச் சந்தையில் டன் 10,000 டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்று கணக்குப் போட்டால், புதுச் செம்பின் விலையிலேயே அதன் மதிப்பு 4,600 ரூபாயை எட்டாது. பழைய இரும்புக் கடையில் அதற்கும் குறைவாகத்தான் கிடைக்கும்.

இந்தத் தொகையில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவில், திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால், முதல்முறை குற்றவாளி பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அதைவிட முக்கியமானது, அப்படிப்பட்ட சிறு திருட்டைக் காவல்துறை தானாக விசாரிக்க முடியாது. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். வெறும் பசிக்குத் திருடியவனைச் சிறையில் தள்ளக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த திருத்தம் அது. அந்த எண்ணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால், தோட்டத்து ஒயரைக் காயலான் கடைத் தராசில் எடைபோட்டு, 4,600 ரூபாய்க்கும் குறைவான திருட்டு என்று எழுதிவிட்டால், ஓர் உழவரின் மொத்த இழப்பும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அந்த எடைக் கணக்கு தவறு என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் சிலமலை தாண்டினால் ராசிங்காபுரம். மேற்கே சுவர் எழுப்பியது போல மலை. தென்மேற்குப் பருவமழை அந்தச் சுவருக்கு அப்பால், ஏலக்காய் மலையில் கொட்டித் தீர்த்துவிடும். இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் காற்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியும் கிணற்றை நம்பியும்தான் இங்கே தென்னையும் மாவும் மக்காச்சோளமும் தக்காளியும் நிற்கின்றன. பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் விட்டால் கண்மாய் நிறையும், கிணறு ஊறும் என்று காத்திருக்கும் ஊர்கள் இவை. கிணறு வற்ற வற்ற போர் போட்டார்கள். போர் ஆழமாக ஆக, ஒயரின் நீளமும் ஏறியது. 500 அடி ஆழத்தில் மோட்டார் இறங்கியிருக்கும் போரில், உள்ளே தொங்கும் ஒயரில் மட்டும் 16 கிலோவுக்கு மேல் செம்பு இருக்கும். மேலே கிடப்பதைத்தான் திருடர் முதலில் வெட்டுவார். துணிந்தவர்கள் உள்ளே இருப்பதையும் இழுத்துப் பார்ப்பார்கள். இழுப்பில் ஒயர் அறுந்தால் மோட்டாரைக் குழாயோடு மேலே தூக்காமல் வேறு வழியில்லை.

ஒயர் போன மறுநாள் காலையிலிருந்து என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குத் தோட்டத்துக்காரர் வந்து ஸ்டார்ட்டரை அழுத்துகிறார், மோட்டார் ஓடவில்லை. கடையில் புது ஒயர் வாங்க வேண்டும். அதன் விலையில் செம்பு மட்டுமில்லை, மேலுறையும் ஆலைக் கூலியும் வரியும் கடைக்காரர் லாபமும் சேர்ந்திருக்கும். எலெக்ட்ரீஷியன் வர வேண்டும். அவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு தோட்டத்தில் வேலை. கையில் காசு இல்லாதவர் மிச்சம் கிடக்கும் துண்டுகளை முறுக்கி, டேப் சுற்றி, ஓட்டிவிடலாம் என்று பார்ப்பார். மெலிந்த ஒயரிலும் முறுக்கிய இணைப்பிலும் வோல்ட்டேஜ் குறையும். குறைந்த வோல்ட்டேஜில் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும். காயில் சூடேறிக் கருகும். பிறகு மோட்டாரைத் தூக்கிக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பூவெடுத்து நிற்கும் தக்காளி இத்தனை நாளும் காத்திருக்காது. பூ உதிர்ந்தால் காய் இல்லை. கதிர் வாங்கும் பருவத்தில் மக்காச்சோளத்துக்கு ஒரு தண்ணீர் தப்பினால் மணி பிடிக்காது. திருடியவருக்குச் சில ஆயிரம் ரூபாய். இழந்தவருக்கு ஒரு போகம்.

தமிழ்நாட்டில் பம்புசெட்டுகளுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் அரசு இதற்காகப் பல ஆயிரம் கோடி ரூபாய் மானியம் தருகிறது. அந்த மானியம் முழுக்க, கடைசியில், காவலில்லாத தோட்டத்தில் இரவெல்லாம் கிடக்கும் ஐம்பது மீட்டர் ஒயர் வழியாகத்தான் தண்ணீராக மாறுகிறது. அந்த இடத்தில் அரசுக்கு அக்கறை இல்லாமல் போனால் மற்ற எல்லாம் வீண்.

திருட்டுக்குப் பயந்து அலுமினிய ஒயருக்கு மாறியவர்கள் உண்டு. அலுமினியம் விலை குறைவு, திருடருக்கு ஆசை வராது. ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் அது செம்பில் ஏறக்குறைய அறுபது விழுக்காடுதான். ஆகவே தடிமன் கூட்ட வேண்டும். இணைப்புகளில் ஆக்சைடு படிந்து சூடேறும். அடிக்கடி இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல பொருள் கையில் இருந்தும் மட்டமான பொருளைப் போட வேண்டிய நிலைக்கு உழவரைத் திருட்டு தள்ளுகிறது.

செம்புக்கு இவ்வளவு கிராக்கி வந்தது எப்படி? இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சந்தையில் டன் 2,000 டாலருக்கும் கீழே கிடந்த உலோகம் அது. 2024 மே மாதம் முதன்முறையாக 11,000 டாலரைத் தாண்டியது. காற்றாலை, சூரிய மின்தகடு, மின்சார வண்டி, தரவு மையம் என்று எதைத் தொட்டாலும் செம்பு கேட்கிறது. இந்தியாவிலோ தாது குறைவு. ராஜஸ்தானின் கேத்ரி, மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட், ஜார்க்கண்டின் சிங்பூம் ஆகிய இடங்களில் வெட்டுவது நம் தேவைக்கு எந்த மூலைக்கும் போதாது. தூத்துக்குடியில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்ட ஸ்டெர்லைட் ஆலை, 2018 மே மாதத்தில் அதை எதிர்த்துப் போராடிய மக்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த பின் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அந்த மக்கள் கேட்டது மூச்சுவிடும் காற்று. அவர்கள் கேட்டது நியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆலை மூடியதைத் தொடர்ந்து, சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. தாதுவிலிருந்து செம்பு எடுப்பதில் உள்ள நஞ்சும் நெருப்பும் வேண்டாம் என்றால், ஏற்கெனவே எடுத்த செம்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியாக வேண்டும். பழைய செம்பை உருக்குவதற்கு ஆகும் ஆற்றல், தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆவதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எத்தனை முறை உருக்கினாலும் தரம் கெடாத உலோகம்.

ஆகவே பழைய இரும்புக் கடையை ஒழித்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால், நான் அந்தப் பக்கம் நிற்க மாட்டேன். டி.வி.எஸ். வண்டியில் சாக்கைக் கட்டிக்கொண்டு ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் தெருக்களில் பழைய சாமான் எடுப்பவர்கள் செய்கிற வேலை பெரிய வேலை. ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் முதல், நகராட்சியும் ஆலையும் செய்யாத சுத்திகரிப்பை வெயிலில் அலைந்து செய்துவருகிறவர்கள் அவர்கள். அவர்கள் கொண்டுவரும் செம்பில் பெரும்பகுதி நேர் வழியில் வந்தது. காயில் கட்டும் கடையில் கழித்த கருகிய சுருள், ஓடாத மிக்ஸி, ஓட்டையான வெந்நீர் அண்டா, இடித்த வீட்டின் ஒயரிங். ஊர்க்கடையிலிருந்து போடிக்கும் தேனிக்கும், அங்கிருந்து மதுரைக்கும் கோவைக்கும், பிறகு உருக்கும் உலைக்கும் அது போகிறது. இந்த மலையடிவாரத்துக் கிணற்றில் இருந்த செம்பு, என்றோ ஒருநாள் கோவையில் செய்த புது மோட்டாரின் சுருளாக இதே ஊருக்குத் திரும்பி வருவதும் நடக்கக் கூடியதே.

சிக்கல் என்னவென்றால், 1,085 டிகிரியில் செம்பு உருகிவிட்டால் அது யாருடையது என்று சொல்ல எந்த அடையாளமும் மிஞ்சாது. திருடிய நகையைக்கூட உருக்குவதற்குள் பிடித்தால் அடையாளம் காட்டலாம். தோட்டத்து ஒயரில் மேலுறையின் மேல் அச்சடித்த கம்பெனிப் பெயரும் நீளக் குறியும்தான் அடையாளம். அந்த மேலுறையை எரித்துவிட்டால் ராசிங்காபுரத்து ஒயரும் ராஜபாளையத்து ஒயரும் ஒன்றுதான். திருட்டுச் செம்பு எரிக்கப்படுவதற்கு முதல் காரணம் இதுவே.

எரிக்கும் இடம் ஊருக்கு ஒதுக்குப்புறமான ஓடையாகவோ கண்மாய்க் கரையாகவோ இருக்கும். பி.வி.சி. உறையில் குளோரின் உண்டு. அது எரியும்போது கண்ணையும் தொண்டையையும் அறுக்கும் அமிலப் புகை வரும். அதோடு, சூடான செம்பே வினையூக்கியாக நின்று டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உருவாக உதவுகிறது. செம்பு ஒயரைப் புகைய எரிப்பதை, தடுக்க வேண்டிய நஞ்சு மூலங்களில் ஒன்றாக ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பட்டியலிட்டிருக்கிறது. இந்தியா 2006-இல் அதை ஏற்றது. இந்த நஞ்சு புகையோடு போய்விடுவதில்லை. புல்லில் படிந்து, மாட்டின் கொழுப்பில் சேர்ந்து, பாலில் வரும். வியாபாரக் கணக்கிலும் எரிப்பது நட்டம். உலகச் சந்தையில் பழைய செம்பைத் தரம் பிரிக்கும்போது, உரித்த சுத்தமான கம்பிக்கு ‘பார்லி’, ‘பெர்ரி’ என்று முதல் தரப் பெயர்கள். எரிந்து நொறுங்கும் கம்பி பெர்ரியில் சேராது; ‘பிர்ச்’ என்ற இரண்டாம் தரத்துக்கு இறங்கிவிடும். உரிக்கும் இயந்திரம் பெரிய செலவு பிடிக்கும் ஒன்றல்ல; கையால் சுற்றுவதுகூட இருக்கிறது. நேர்மையாக வந்த ஒயரை எரிக்க வேண்டிய அவசியம் எந்த வியாபாரிக்கும் இல்லை. ஆகவே, எரித்த செம்பை வாங்குவதில்லை என்ற ஒரே கட்டுப்பாடு, காற்றையும் காக்கும், தோட்டத்தையும் காக்கும்.

மலைக்கு மேலே செம்புக்கு வேறொரு வாழ்க்கை. விடிவதற்கு முன்பே இந்த ஊர்களிலிருந்து ஜீப் ஏறி போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களுக்கு மயில்துத்தம் தெரியும். மலையில் அதைத் துரிசு என்பார்கள். அதன் எடையில் கால் பங்கு செம்பு. மழைக்காலத்தில் ஏலக்காயைத் தாக்கும் அழுகல் நோய்க்கு, 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் போர்டோ கலவைதான் இன்றும் கைகொடுக்கிறது. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்காக 1885-இல் தாவரவியலாளர் மில்லார்டே வெளியிட்ட முறை அது. கலவை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, துலக்கிய அரிவாளையோ கத்தியையோ சிறிது நேரம் முக்கி எடுப்பார்கள். இரும்பின் மேல் செந்நிறம் படிந்தால் செம்பு இன்னும் கட்டுப்படவில்லை என்று பொருள். அப்படியே அடித்தால் இலை கருகும், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு விட வேண்டும். அந்தச் செம்பு மண்ணில் தங்கிவிடுகிறது, திரும்பி வராது. ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருப்பது அதனால்தான். மலையில் தெளிப்பதானாலும் அடிவாரத்தில் தண்ணீர் இறைப்பதானாலும் செம்பில்லாமல் இங்கே வெள்ளாமை இல்லை. அதன் விலை ஏற்றம் இந்தப் பக்கத்து உழவரை இரண்டு முனையிலும் தொடுகிறது.

இங்கிருந்து அதிக தூரமில்லாத சின்னமனூரில் பாண்டியர் செப்பேடுகள் கிடைத்தன. மதுரையில் சங்கம் நிறுவியதையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் சொல்லும் அந்த ஏடுகள் அடிப்படையில் ஒரு கொடையின் ஆவணம். ஓலை செல்லரிக்கும், செம்பு நிற்கும் என்றுதான் நிலத்தின் உரிமையைச் செம்பில் வெட்டினார்கள். தமிழ்நாட்டுச் செப்பேடுகள் பலவற்றில் நிலத்தோடு கிணறு தோண்டும் உரிமையும் கால் வெட்டும் உரிமையும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். தண்ணீர் இல்லாத நிலத்துக்கு மதிப்பில்லை என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்த நாடு இது.

இன்றைய சட்டமும் அதை மறந்துவிடவில்லை என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-ஆம் பிரிவில் முதலாவதாகவே, விவசாயத்துக்கான தண்ணீர் வரத்து குறையும்படி செய்யும் சேதத்துக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 430-ஆம் பிரிவாக இருந்த அதே விதி. ஓடும் பம்புசெட்டின் ஒயரை வெட்டியவர் தண்ணீரைத்தான் வெட்டுகிறார். அது அவருக்குத் தெரிந்தே நடக்கிறது.

இன்னும் வலுவானது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம். அதன் 136-ஆம் பிரிவு, மின்கம்பியையோ மின்பொருளையோ உரிமதாரரின் அல்லது உரிமையாளரின் இசைவின்றி வெட்டுவதையும் எடுப்பதையும் கொண்டுபோவதையும் தண்டிக்கிறது. ‘உரிமையாளர்’ என்ற சொல் அங்கே இருப்பதால், மின்வாரியத்தின் கம்பிக்கு மட்டுமே அது பொருந்தும் என்று ஒதுக்கிவிட முடியாது. உரிமையாளரின் இசைவில்லாமல் அதைத் தன் இடத்தில் வைத்திருப்பதும் அதே பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. இரண்டாம் முறை என்றால் குறைந்தது ஆறு மாதம், கூடினால் ஐந்து ஆண்டு. திருட்டுக் கம்பி என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்குபவருக்கு 137-ஆம் பிரிவு. 2007-இல் வந்த திருத்தத்தால் இவை காவல்துறை நேரடியாக விசாரிக்கக் கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றங்கள். 5,000 ரூபாய் வரம்பு எதுவும் இதில் கிடையாது. இவ்வளவு இருக்க, தோட்டத்து ஒயர் களவை வெறும் 303-இல் எழுதி, பழைய செம்பின் விலையைப் போட்டு, சிறு களவாக்கிவிடுவதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

இந்தக் களவுக்கென்று தனிச் சட்டம் போட்ட நாடுதான் நம்முடையது. தபால் தந்தித் துறையின் செம்புக் கம்பிகள் களவு போனபோது, 1950-இல் தந்திக் கம்பிகள் சட்டவிரோத உடைமைச் சட்டம் என்று ஒன்றை நாடாளுமன்றம் கொண்டுவந்தது. ஒரு மைலுக்கு இத்தனை பவுண்டு எடை என்று கம்பியின் பருமனைக்கூட வரையறுத்து, அதை வைத்திருப்பவரே தனக்கு நேர்வழியில் வந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். தந்தியே நின்றுபோன பிறகு, 2023-இல் காலாவதிச் சட்டங்களோடு சேர்த்து அதுவும் நீக்கப்பட்டது. நீக்கியது சரிதான். ஆனால், அரசின் செம்புக்கு அன்று கிடைத்த அந்தக் கரிசனம், உழவரின் செம்புக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.

இங்கிலாந்தில் ரயில் பாதைக் கம்பிகளும் தேவாலயக் கூரைத் தகடுகளும் களவு போய்க்கொண்டிருந்த காலத்தில், திருடரைத் துரத்துவதோடு நிற்காமல் வாங்குமிடத்தைக் கவனித்தார்கள். 2013-ஆம் ஆண்டின் பழைய உலோக வியாபாரிகள் சட்டப்படி, வியாபாரிக்கு உள்ளாட்சி உரிமம் வேண்டும். விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ரொக்கமாகப் பணம் கொடுக்கவே கூடாது. உலோகத் திருட்டு அங்கே கண்கூடாகக் குறைந்தது.

நம் ஊரில் முடியுமா என்று கேட்பவர்களுக்கு, வரித்துறை பாதி வழியை ஏற்கெனவே போட்டுவிட்டது என்று சொல்வேன். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாதவரிடம் பழைய உலோகம் வாங்கும் பதிவு பெற்ற வியாபாரியே ஜி.எஸ்.டி.யைக் கட்ட வேண்டும், அந்தக் கொள்முதலுக்குத் தானே பில் எழுத வேண்டும். அதாவது, போடியிலோ தேனியிலோ இருக்கும் பெரிய கடைக்கு எந்த ஊர்க்கடையிலிருந்து எத்தனை கிலோ செம்பு வந்தது என்பது வரிக்காக எழுதப்பட்டே ஆக வேண்டும். 2025-இல் அறிவித்து, 2026 ஏப்ரல் 1 முதல் என்று நாள் குறித்த மறுசுழற்சி விதிகளும் செம்பு, அலுமினியம், துத்தநாகத்தைப் பதிவு பெற்ற ஆலைகள் வழியே போக வைக்கின்றன. விட்டுப்போயிருப்பது ஒரே ஒரு கண்ணி: சாக்கில் கொண்டுவந்து கொட்டுபவருக்கும் ஊர்க்கடைக்கும் இடையே உள்ள கண்ணி. அங்கே ஒரு நோட்டும், செம்பு ஒயருக்கு மட்டும் பணத்தை யு.பி.ஐ. வழியாகத் தருவது என்ற பழக்கமும் போதும். டீக்கடையில் பத்து ரூபாய்க்கு ஸ்கேன் செய்யும் ஊரில் இது பாரமாகாது. கிழிந்த அட்டையும் பாட்டிலும் பொறுக்கி விற்கும் மூதாட்டியை இதில் இழுக்கக் கூடாது. அவருக்கு ரொக்கமே இருக்கட்டும். செம்புக்கு மட்டும், ஒயருக்கு மட்டும். இப்படி எழுதிவைக்கும் கடைக்காரருக்குத்தான் பாதுகாப்பு. இன்று எந்தத் திருட்டு நடந்தாலும் முதலில் வந்து மிரட்டப்படுபவர் அவர்தான், அவரிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை.

செய்ய வேண்டியவை மாவட்ட அளவிலேயே முடியக் கூடியவை. தேனி ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மின்வாரிய அதிகாரியும் வேளாண் அதிகாரியும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். காவல் கண்காணிப்பாளரின் சார்பில் ஒருவரும் அங்கே வர வேண்டும். ஒயர் களவுப் புகார்களை மின்சாரச் சட்டம் 136, 137, சன்ஹிதா 326 ஆகிய பிரிவுகளையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று எல்லா நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போகட்டும். இழப்பு மதிப்பில் புது ஒயரின் பில்லும், மோட்டார் தூக்கிய கூலியும், வேளாண் உதவி அலுவலர் தோட்டத்தைப் பார்த்து எழுதும் பயிர்ச் சேதமும் இடம்பெறட்டும். மாவட்டத் தொழில் மையத்தின் மானியக் கடன் பட்டியலில் பழைய இரும்புக் கடைகளுக்கான ஒயர் உரிக்கும் இயந்திரத்தையும் சேர்க்கட்டும். உழவர்கள் தம் பங்குக்கு, ஒயர் வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்தி, மேலுறையில் அச்சடித்த கம்பெனிப் பெயரும் நீளக் குறியும் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்துவைக்கலாம். களவு போன பொருள் தன்னுடையது என்று காட்ட அது உதவும். கோடை தொடங்குவதற்குள் அந்தச் சுற்றறிக்கை வந்தால் இந்த ஆண்டு தக்காளிக்குத் தண்ணீர் கட்டும் நாளுக்குள் பயன் தரும்.